டீயைக் கொட்டிவிட்டுத் தூளைக் காப்பாற்றிய கதை

போன மாதம் ஒரு நாள் காலையில் வீட்டில் நான் டீ போட்டேன். தண்ணீர் கொதித்தது, தூள் போட்டேன், இஞ்சி தட்டிப் போட்டேன், பாலும் பொங்கி அடங்கியது. வடிகட்டியை எடுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல், நாலு பேருக்கான டீயையும் நிதானமாக வடிகட்டினேன். டீ சாக்கடைக்குப் போய்விட்டது. ஆவி பறக்கும் தூள் மட்டும் வடிகட்டியில் பத்திரமாக இருந்தது. மேடையில் நாலு டம்ளர்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அம்மா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "உனக்கு அறிவிருக்கிறதா?" என்றார்.

அந்த நேரத்தில் பதில் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்: இருந்தது. டீ எப்படிப் போடுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீ வேண்டும், தூள் வேண்டாம் என்பதிலும் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. போதாக்குறைக்கு, வடிகட்டிய கை மிகத் திறமையாகவே வடிகட்டியது. ஆனால் அது வடித்தது டீயை அல்ல, சோற்றை. அப்பாவுக்குக் குக்கர் சோறு இறங்காது என்பதால் எங்கள் வீட்டில் கஞ்சி வடிப்பது உண்டு. இரண்டு வருடமாக அது என் வேலை. சோறு வடித்தால் தண்ணீர் போக வேண்டும், திடப்பொருள் நிற்க வேண்டும். டீ வடித்தால் நேர்மாறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அன்று காலை என் மனம் மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவி பறக்கும் பாத்திரம் சாய்ந்ததும் கை தனக்கு நன்றாகத் தெரிந்த வடிப்பைச் செய்துவிட்டது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: பழக்க தோஷம். உளவியலில் இதைப் பற்றி அரை நூற்றாண்டாகத் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள் என்பதும், அவர்களுடைய முதல் கண்டுபிடிப்பே நம் பேச்சு வழக்கில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதும்தான் வேடிக்கை. 'தவறாகச் செய்துவிட்டேன்', 'தவறுதலாகச் செய்துவிட்டேன்' என்ற இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நாம் யாரும் இதில் குழம்புவதும் இல்லை. நோக்கமோ கணக்கோ பிழையாக இருந்தால் அது 'தவறாக'. நோக்கம் சரியாக இருந்து, கையோ வாயோ வழுக்கிவிட்டால் அது 'தவறுதலாக'. கை தவறி விழுந்தது, வாய் தவறிச் சொன்னேன், கால் தவறி விழுந்தேன் என்று உறுப்பின்மேல் பழியைப் போடுகிறோமே, அது சாக்குப்போக்கு இல்லை; ஏறக்குறைய உண்மையான விவரணை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. செய்தவரிடம் போய் 'இது தெரியாதா உனக்கு?' என்று கேளுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தவர், 'ஏன், வைக்கக் கூடாதா?' என்று வாதாடுவார். அது அறியாமை. சாம்பாரைக் கொண்டுபோய்க் குளிர்பதனப் பெட்டிக்குப் பதிலாகத் துணி அலமாரியில் வைத்தவர் வாதாட மாட்டார். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். அது பழக்க தோஷம். முன்னவருக்குச் சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடுவார். பின்னவருக்குச் சொல்லிக்கொடுக்க எதுவுமே இல்லை. நம் வீடுகளில் இருவருக்கும் ஒரே திட்டுதான் விழுகிறது.

இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரீசன். பிரிட்டிஷ் உளவியலாளர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். விமான விபத்துகளும் மருத்துவமனைத் தவறுகளும் எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றிப் பின்னாளில் உலகமே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அவர் இந்த வழிக்கு வந்தது ஒரு பூனையால். 1970-களின் தொடக்கத்தில் ஒரு நாள் பிற்பகல் அவர் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். பூனை பசியில் கத்தியது. பூனைத் தீனி டப்பாவைத் திறந்து, கரண்டியால் நன்றாக ஒரு வாய் அள்ளி, தேநீர்க் கெண்டிக்குள் போட்டுவிட்டார். நம்மில் பலர் இதை மறைத்துவிடுவோம். அவர் உட்கார்ந்து யோசித்தார். இரண்டு வேலைகளும் பழகிய வேலைகள். இரண்டிலும் ஒரு டப்பா, ஒரு கரண்டி, ஒரு பாத்திரம். ஒன்றின் நடு மற்றதன் நடுவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் வடிகட்டிக்கும் அவருடைய கெண்டிக்கும் உறவு இருப்பதை இதைப் படித்த நாளில் கண்டுகொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவர் 35 பேரிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குத் தங்களுடைய கைப்பிசகுகளையெல்லாம் எழுதச் சொன்னார். 400-க்கும் மேற்பட்டவை சேர்ந்தன. ஆளுக்கு ஒரு டஜன் என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் அவர்கள் கவனித்தவை மட்டும். அவற்றில் இருப்பதிலேயே பெரிய பங்கு, ஐந்தில் இரண்டு அளவுக்கு, ஒரே ரகம்: செய்தோமா இல்லையா என்பதை மறந்துபோவது. குழம்புக்கு உப்புப் போட்டோமா? காலை மாத்திரையைச் சாப்பிட்டோமா? பூட்டை இழுத்துப் பார்த்தோமா? நேற்று செய்ததும் இன்று செய்ததும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால், 'செய்தேன்' என்ற நினைவு இன்றையதா நேற்றையதா என்று பிரிக்க முடியாமல் போகிறது. உப்பு இரண்டு தடவை விழுவது மறதிக்காரர் வீட்டில் மட்டும் இல்லை, தினமும் சமைக்கிறவர் வீட்டில்தான் அதிகம். வருடத்துக்கு ஒரு முறை சமைப்பவர் ஒவ்வொரு சிட்டிகையையும் பயந்து பயந்து போடுவார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

இந்த இடத்தில்தான் சற்று நிற்க வேண்டும். பழக்க தோஷம் கற்றுக்குட்டிக்கு வராது. அது தேர்ந்தவர்களின் நோய். பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். இடக்கை கிளட்ச், இடக்கால் கியர், வலக்கை ஆக்ஸிலரேட்டர்: ஒவ்வொன்றும் தனித்தனி யோசனை, வியர்வை வேறு. ஆறு மாதம் கழித்து அதே ஆள் பின்னால் இருப்பவரோடு நிலத் தகராறு பேசிக்கொண்டே மதுரை நகர நெரிசலைக் கடக்கிறார். இடையில் நடந்தது என்ன? நூறு தனித்தனி அசைவுகள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டுவிட்டன. தலைக்கண்ணியை இழுத்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். கவனம் என்பது நம்மிடம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. அதை எல்லா அசைவுக்கும் பங்கிட்டுக் கொடுக்க மூளைக்குக் கட்டுப்படியாகாது. பழகிய வேலையைக் கையிடம் ஒப்படைத்துவிட்டு அது வேறு வேலை பார்க்கப் போகிறது.

இப்போது அந்த ஆளிடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றைக் கொடுங்கள். பைக்கில் இடக்கைப் பிடி கிளட்ச். ஸ்கூட்டரில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருப்பது பின் பிரேக். மனைவியின் ஸ்கூட்டரைக் கடன் வாங்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்பியவர், வேகம் எடுத்ததும் கியர் மாற்றுவதாக நினைத்துக் கிளட்ச்சைப் பிடிக்கிறார். வண்டி சடக்கென்று நிற்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொல்வதை இங்கே எழுத முடியாது. அதே நேரத்தில் அவருடைய இடக்கால் இல்லாத கியரைத் தரையில் தேடிக்கொண்டிருக்கும். அவருக்கு அந்தப் பிழையைச் செய்ய வைத்தது அவருடைய இருபது வருட அனுபவம். பைக்கே ஓட்டத் தெரியாத அவர் மனைவிக்கு இந்த விபத்து நடக்கவே நடக்காது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியை இதுவரை நான் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கை எப்போது வழுக்குகிறது? எல்லா நேரத்திலும் இல்லை. இரண்டு பாதைகள் பிரியும் சந்தியில்தான். வீடு மாறியவர்களைக் கேட்டால் தெரியும். அலுவலகத்திலிருந்து பேருந்து நிலையம் வரை பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் ஒரே வழி. அங்கேதான் இடமா வலமா என்று பிரிகிறது. அந்த அரை நிமிடத்தில் மனம் அங்கே இருந்தால் புது வீடு. மேலாளர் சொன்ன ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருந்தால் பழைய வீடு. இரண்டு பழக்கங்கள் மோதினால் வயதில் மூத்தது வெல்லும். என் நண்பர் ஒருவர் பழைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கதவில் சாவியையும் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டார். உள்ளே இருந்த புதுக் குடித்தனக்காரர் கதவைத் திறந்து 'யார் வேண்டும்?' என்றபோது, இவருக்கு வாயில் வந்தது 'நீங்கள் யார்?'

அமெரிக்க உளவியலின் மூத்தவர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதே சந்தியைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இரவு விருந்துக்கு உடை மாற்றப் படுக்கையறைக்குப் போன ஞாபகமறதிக்காரர்கள், ஒவ்வொரு துணியாகக் கழற்றி, கடைசியில் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டதும் உண்டு என்று எழுதினார். அறை அதே அறை, முதல் அசைவு அதே அசைவு. தினமும் அந்த அசைவுக்குப் பின்னால் வருவது தூக்கம். இன்னோர் அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1981-ல் இப்படிப்பட்ட பிசகுகளை வகை பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்லும் உதாரணங்களில் எனக்குப் பிடித்தது: அண்மையில் சீட்டாடியிருந்த ஒருவர் நகல் எடுத்த தாள்களை எண்ணுகிறார். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.

வாய்க்கும் இதே விதிதான். எங்கள் உறவில் ஒரு துக்க வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் காரில் போனோம். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எங்களோடு வந்த பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இளையவர்களுக்கு வழி நெடுக வகுப்பு எடுத்தார். "எழுந்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். 'வருகிறேன்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. புரிகிறதா?" புரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தோம். கிளம்பும்போது ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு நழுவினோம். பெரியப்பா கடைசி. வாசற்படியில் இறந்தவரின் மகன் நின்றிருந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் தழுதழுக்க, "அப்போ நான் போய்விட்டு வருகிறேன் தம்பி" என்றார். மகனும், அழுத கண்ணோடு, "கட்டாயம் வாருங்கள் பெரியப்பா, அடிக்கடி வாருங்கள்" என்றார்.

இருவருக்கும் அரை நொடி கழித்துத்தான் உறைத்தது. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அது அழுகை இல்லை என்பது தோள் குலுங்கிய விதத்தில் தெரிந்தது.

இதில் பெரியப்பாவின் குற்றம் என்ன? எழுபது வருடமாக வாசற்படி, பிடித்த கை, விடைபெறும் முகம் என்ற மூன்றும் சேர்ந்தால் வரவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். தமிழில் 'போகிறேன்' என்று சொல்வதே கூடாது என்றல்லவா வளர்த்திருக்கிறார்கள்? அத்தனை வருடப் பழக்கத்தை அரை மணி நேரத் தீர்மானம் வாசலில் எதிர்த்து நிற்க வேண்டும். மகன் பக்கம் இன்னும் எளிது. 'வருகிறேன்' என்று காதில் விழுந்தால் 'வாருங்கள்' என்பது பதில். அர்த்தம் கேட்டுவிட்டுச் சொல்லும் பதில் இல்லை அது. நம் அன்றாட உரையாடலில் பாதி இப்படிச் சாவி கொடுத்த பேச்சுதான். 'சாப்பிட்டாயா?' என்று வழக்கமாகக் கேட்கும் அத்தை ஒரு நாள் 'எப்போது வந்தாய்?' என்று கேட்டால், 'ஆயிற்று அத்தை' என்று பதில் வந்துவிடுகிறது.

அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பது இதன் ஒன்றுவிட்ட உறவு. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ராட்வான்ஸ்கி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, வாசலைக் கடப்பதே நினைவைக் கொஞ்சம் கலைக்கிறது என்றது. 2021-ல் ஆஸ்திரேலியாவில் இதைத் திரும்பச் சோதித்தவர்கள், வாசலால் மட்டும் அப்படி ஆவதில்லை, மனத்தில் ஏற்கெனவே வேறு சுமையும் இருந்தால்தான் என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. கையில் அரிவாள்மனையோடு பூஜை அறையில் நின்று விழித்த நாளில் என் தலையிலும் சுமை இருந்தது.

தோளில் ஆட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினானாம் என்ற பழமொழி கண்ணாடி போடும் எல்லாருக்கும் தெரியும். இப்போது அதற்குப் புது வடிவம், கைப்பேசியின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கைப்பேசியைத் தேடுவது. பழகிய பொருள் உடம்பின் பகுதியாகிவிடுகிறது; கண்ணுக்கு முன் இருக்கும் மூக்கை யாரும் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல. (வைத்த இடம் மறப்பது இந்தக் கணக்கில் சேரும். பழகிய பொருள் எதற்கு என்பதே ஒருவருக்கு மறக்கத் தொடங்கினால் அது இந்தக் கணக்கு இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.)

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதே வழுக்கல் விமானத்தில் நடந்தால்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தேய்ந்து உட்கார்ந்தன. விமானிகள் இறக்கையின் மடிப்புப் பலகையை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே மாதிரி. சக்கரத்தின் விசைப்பிடியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றையும், மற்றதில் இறக்கை போன்ற ஓர் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் கைக்குத் தெரியும். 'கவனமாக இருங்கள்' என்று ஆயிரம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தாலும் நடக்காத காரியம் அது.

மயக்க மருந்து கொடுக்கும் கருவிகளில் இதே யோசனை இன்னும் கறாராக இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டரின் தலையில் உள்ள துளைகளும் நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டரின் துளைகளும் வேறு வேறு இடத்தில் இருக்கும். கருவியில் அதற்கேற்ற முளைகள். மாற்றி மாட்டப் பார்த்தால் உட்காராது. அறுவை அரங்கில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பவரின் ஞாபகத்தை நம்பாமல் இரும்பை நம்பியிருக்கிறார்கள்.

ஜப்பானியர் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தொழிற்சாலைப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ 1961-ல் ஒரு மின்சாதன ஆலையில் ஒரு சிக்கலைப் பார்த்தார். ஒரு சிறு ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் சொன்ன தீர்வு ஒரு தட்டு. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு பொருத்து. வேலை முடிந்தும் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால், மறந்தது கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'பாகா-யோக்கே': முட்டாள் தடுப்பு. வேறோர் ஆலையில் இதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, 'நான் அத்தனை முட்டாளா?' என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை மாற்றினார்: 'போகா-யோக்கே'. போகா என்பது ஜப்பானியச் சதுரங்கத்தில் யோசிக்காமல் காயை நகர்த்திவிடும் பிசகுக்குச் சொல்வது. அந்தப் பெண் அழுததால் ஒரு துறைக்கே சரியான பெயர் கிடைத்தது என்பேன்.

நம் ஊரிலும் ரயில் எஞ்சினில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் கையை நீட்டி, சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். தினமும் பார்க்கும் பச்சையைப் பச்சை என்று சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கலாம். பழகிய கண் பார்க்காமலே பார்த்துவிடும் என்பது தெரிந்தவர்கள் வைத்த ஏற்பாடு அது. வீட்டில் கேஸ் வால்வை மூடும்போது 'மூடிவிட்டேன்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்; பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடிவர வேண்டியிருக்காது.

கடைசியாக ஒரு ரகம். வந்த வேலை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் சின்ன வேலையை மறப்பது. நகல் எடுக்கப் போகிறோம், நகல் கைக்கு வந்ததும் மனம் 'முடிந்தது' என்று கடையைச் சாத்திவிடுகிறது; அசல் கருவியின் மூடிக்கு அடியிலேயே கிடக்கிறது. ஏடிஎம்களில் பணம் முதலில் வந்து அட்டை பிறகு வந்த காலத்தில் ஏராளமானவர்கள் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். வந்ததே பணத்துக்குத்தானே? அதனால் பல இயந்திரங்களில் வரிசையை மாற்றினார்கள்: அட்டையை எடுத்தால்தான் பணம்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த ஆராய்ச்சி எதையும் படித்தவர் இல்லை. ஒரு காலத்தில் அவருடைய மேசை இழுப்பறையில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருக்கும்: ஆதார் அட்டைகள், குடும்ப அட்டைகள், யாரோ ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அவரே ஒரு நாள் முறையை மாற்றிவிட்டார். இப்போது நகல் தயாராக இருந்தாலும் தர மாட்டார். முதலில் அசலை எடுத்து உங்கள் கையில் வைப்பார். நீங்கள் அதைப் பைக்குள் போட்ட பிறகுதான் நகல் வரும். கட்டு இப்போது இல்லை என்றார்.

போன வாரம் குடும்ப அட்டையை நகல் எடுக்கப் போயிருந்தேன். அசலைக் கொடுத்தார், பைக்குள் வைத்தேன். நகலைக் கொடுத்தார், அதையும் வைத்தேன். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். இந்தக் கட்டுரையில் அவரைச் சேர்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கிப் பாதித் தெரு வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் கத்தினார்: "சார், மீதி!"